பையன் சொப்பு விளையாடுகிறான், சரி. பொண்ணு ஏன் கிரிக்கெட்டை விட்டாள்?

கேள்வி: வணக்கம் மேடம். ஈரோடு பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பையன் எல்கேஜி போகிறான், அடுத்த மாதம் அஞ்சு வயசு ஆகப்போகிறது. ஒரு வருஷமாகவே அவனுக்குச் சொப்புச் சாமான்தான் எல்லாம். பக்கத்து வீட்டுப் பாப்பாவோடு உட்கார்ந்து சோறாக்குவான், என் துப்பட்டாவைத் தலையில் கட்டி ஜடை என்பான், பொம்மையைத் தூளியில் போட்டு ஆட்டுவான். நெயில் பாலிஷ் வேணும் என்று அழுகிறான். போன மாசம் "நான் பெரிசானா அம்மா ஆயிருவேன்" என்றான், அதைக் கேட்டு மாமியார் பயந்துவிட்டார். "ஆம்பளப் பையனைப் பொட்டப்புள்ளையாட்ட வளத்தற" என்று திட்டு எனக்குத்தான். கணவர் ஒரு நாள் கோபத்தில், பழனியில் வாங்கிய மரச்சொப்பை எல்லாம் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, ரிமோட் காரும் துப்பாக்கியும் வாங்கிக் கொடுத்தார். இவன் அந்தக் காரில் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்து இறக்குகிறான்! மூத்தவளுக்கு ஒன்பது வயசு, அவளால் தொந்தரவே இல்லை. முன்னாடி தெருப் பசங்களோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தாள், இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டுப் பொறுப்பாகத் துணி மடிக்கிறாள். அவளே தம்பியைப் பார்த்து "அது பொண்ணுங்க விளையாட்டுடா" என்கிறாள். அவளுடைய ரோஸ் கலர் சைக்கிள் சும்மாதான் நிற்கிறது, அதை இவன் ஓட்டக்கூடாது என்று நீலத்தில் புதுசு வாங்கியிருக்கிறோம். டாக்டரிடம் காட்டி இப்பவே சரிபண்ணிவிடலாம் என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்? பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் பையனுக்கு ஒன்றும் இல்லைம்மா. டாக்டரிடம் காட்டிச் சரிபண்ண அங்கே எதுவும் கிடையாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது, இப்படிக் கடிதம் எழுதுகிற அம்மாக்கள் பதிலில் அதைத்தான் தேடுவார்கள், மற்றதெல்லாம் மனசு கொஞ்சம் ஆறிய பிறகுதான் கண்ணில் படும்.

சிலிண்டர் விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். துப்பாக்கி என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை, அநேகமாக ஊதாங்குழலாகியிருக்கும். வாங்கிக் கொடுத்தவருக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனால் இந்த வயசுக் குழந்தையிடம், குழந்தைகளின் மனசையும் வளர்ச்சியையும் பார்க்கிற என்னைப் போன்றவர்கள் எதைத் தேடுவோமோ அது அப்படியே அதில் இருக்கிறது. ஒரு பொருளை இன்னொன்றாக வைத்துக்கொள்வது. கேஸ் தீர்ந்துபோச்சு, வண்டி வரணும், புது சிலிண்டரை மாட்டணும், அப்புறம்தான் சோறு என்று நடப்பதை வரிசை மாறாமல் மனசில் ஓட்டுவது. நீ யார் நான் யார் என்று பக்கத்து வீட்டுப் பாப்பாவோடு பேசி ஒத்துக்கொள்வது. பொம்மைக்கும் பசிக்கும் என்று நினைப்பது. பேச்சும் பொறுமையும் அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கிற புத்தியும் நாலு, அஞ்சு வயசில் பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது. 2020ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 4 முதல் 8 வயது வரையான குழந்தைகள் பொம்மை வைத்து விளையாடும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். தனியாக உட்கார்ந்து பொம்மையோடு விளையாடும்போதுகூட, மற்றவர்களோடு பழகும்போது வேலை செய்கிற மூளைப்பகுதி சுறுசுறுப்பாக இருந்தது, பையன், பெண் இரண்டு பேருக்குமே. (அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பி பொம்மை செய்கிற மேட்டல் கம்பெனி. அதனால் அதை நான் தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டேன், ஆனால் தினமும் பார்க்கிற குழந்தைகளோடு அது ஒத்துப்போகிறது.)

எப்போது கவலைப்பட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தை பாவனையாக எதையுமே விளையாடவில்லை, எந்தக் காரைக் கொடுத்தாலும் தலைகீழாகத் திருப்பிச் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் குறைந்துகொண்டே போகின்றன என்றால் தள்ளிப்போடாமல் குழந்தைகள் டாக்டரைப் பாருங்கள். அதில் பையன் எந்தப் பொம்மையைக் கையில் வைத்திருக்கிறான் என்பது ஒரு கணக்கே இல்லை.

"அம்மா ஆயிருவேன்" என்றானே, அது. தான் பையன் என்பது மூன்று வயசுக்குள் குழந்தைக்குத் தெரிந்துவிடும், ஆனால் பையன் என்றால் எப்போதுமே பையன்தான், துப்பட்டா கட்டினாலும் முடி வளர்த்தாலும் அது மாறாது என்பது உறுதியாகப் புரிய ஆறு, ஏழு வயசு ஆகும். லாரன்ஸ் கோல்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966லேயே இதை எழுதிவிட்டார், அதற்குப் பிறகு பல நாடுகளில் குழந்தைகளைக் கேட்டுப் பார்த்ததும் ஏறக்குறைய இதே மாதிரிதான் வந்தது. உங்கள் பையன் கணக்கில் 'அம்மா' என்பது ஒரு வேலை மாதிரி, டிரைவர், போலீஸ் மாதிரி. வீட்டில் எல்லோரும் சாப்பாட்டுக்கு யாரைத் தேடுகிறார்களோ, யார் சொன்னால் நடக்கிறதோ, அந்த ஆளாக அவன் ஆகப்பார்க்கிறான். இதைவிட உங்களுக்கு வேறு பாராட்டு வேண்டுமா?

சரி, உண்மையான பயத்துக்கு வருவோம். நீங்கள் அதை எழுதவில்லை, கணவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் அப்பாக்கள் சொப்பைத் தூக்கிக் குப்பை வண்டியில் போடுவது மூன்று கரண்டிக்காகவும் நாலு சட்டிக்காகவும் இல்லை. பையன் 'வேற மாதிரி' ஆகிவிடுவானோ என்ற பயம். எந்தப் பொம்மையும் ஒரு குழந்தையைத் திருநங்கையாகவோ, ஒருபால் விருப்பம் உள்ளவராகவோ ஆக்காது. அப்படி இருக்கப்போகிற குழந்தையை எந்தத் துப்பாக்கியும் மாற்றவும் செய்யாது. சொப்பு விளையாடுகிற பையன்களில் பெரும்பாலோர் நாளைக்கு வேறு எதையாவது விளையாடப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். "நான் பையன் இல்லை, பொண்ணு" என்று ஒரு குழந்தை மாதக்கணக்கில், நாங்கள் பார்க்கிற மனநலக் கையேட்டின்படி குறைந்தது 6 மாதம், விடாமல் சொல்லிக்கொண்டு, தன் உடம்பை நினைத்தே வேதனைப்பட்டால் அது வேறு விஷயம். உங்கள் கடிதத்தில் அதற்கான தடயம் எதுவும் இல்லை. அப்படியே இருந்தாலும் அதற்கும் மருந்து அடியோ மாத்திரையோ கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைத் தொடர்ந்து, இப்படி 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பது மருத்துவர்களுக்குத் தொழில் ஒழுங்குமீறல் என்று 2022ல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் கணவர் தேடுகிற டாக்டர் கிடைத்தால், அந்த டாக்டரிடமிருந்து பையனைத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மகளைப் பற்றி.

பையனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பெண்ணைப் பற்றி ஒன்றிரண்டு வரி, அதுவும் "தொந்தரவே இல்லை" என்று ஆரம்பித்து. எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. தெருவில் இறங்கிப் பந்து போட்டுக்கொண்டிருந்த ஒரு ஒன்பது வயசுப் பெண் ஒரு கட்டத்தில் உள்ளே வந்து துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள், அதை வீட்டில் யாரும் "ஏன்?" என்று கேட்கவில்லை, "பொறுப்பு வந்துருச்சு" என்று பாராட்டியிருக்கிறார்கள். பையன் கோடு தாண்டினால் வீடே பதறுகிறது. பெண் கோட்டுக்குள் தானாக வந்து உட்கார்ந்தால் எல்லோருக்கும் நிம்மதி. என்னிடம் வருகிற குடும்பங்களிலும் இதுதான் நடக்கிறது, பையனுக்காக அப்பாயின்ட்மென்ட் வாங்கி வருவார்கள், கூட வந்த அக்கா மூலையில் உட்கார்ந்து தம்பியின் பையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அவள் எதை விட்டாள் என்று யோசித்துப் பாருங்கள். ஓடுவது, எறிவது, வருகிற பந்து எங்கே விழும் என்று கண்ணால் கணக்குப் போடுவது இதெல்லாம் ஒரு பக்கம். அவுட்டா இல்லையா என்று நாலு பேரோடு சத்தம் போட்டு வாதாடி ஜெயிப்பது, தோற்றுவிட்டு அடுத்த நாளும் அதே பசங்களோடு போய் நிற்பது, சாயங்காலம் தெருவில் நிற்க எனக்கும் உரிமை இருக்கிறது என்ற நினைப்பு, இது இன்னொரு பக்கம். பின்னாளில் வேலைக்குப் போகிற இடத்தில் கை தூக்கிப் பேசுகிற பெண்ணுக்கும் தூக்காத பெண்ணுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

துணி மடிப்பது தப்பா என்று கேட்காதீர்கள், ரொம்ப நல்லது, தம்பியும் மடிக்கட்டும். 2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் 6 வயசுக்கு மேற்பட்ட எல்லோரையும், நேற்று என்னென்ன செய்தாய் என்று கேட்டார்கள். வீட்டு வேலையில் பங்கெடுத்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். அப்படிப் பங்கெடுத்தவர்களும் சராசரியாக ஒரு நாளைக்குப் பெண்கள் 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். 2024ல் திரும்ப எடுத்தபோது 289, 88. ஐந்து வருஷத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைந்திருக்கிறதே தவிர, நடுவில் இருக்கிற பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மகள் ஏற்கெனவே அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டாள். அடுத்த வருஷம் சேரப்போகிற உங்கள் பையனோ தானாகவே, யாரும் சொல்லாமல், சோறாக்க உட்கார்ந்திருக்கிறான். அவனைத்தான் எழுப்பி வெளியே விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவள் ஏன் விட்டாள் என்று கேளுங்கள். போலீஸ் விசாரணை மாதிரி வேண்டாம், துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் மடித்துக்கொண்டே, "இப்பல்லாம் ஆடப் போறதில்லையே கண்ணு, பசங்க சேத்துக்கறதில்லையா?" என்று கேட்டுவிட்டு அவள் பேசும்வரை காத்திருங்கள். காரணம் சின்னதாக இருக்கலாம், ஸ்கர்ட் போட்டுக்கொண்டு ஓட முடியவில்லை, பசங்க எப்பப் பார்த்தாலும் ஃபீல்டிங் மட்டும் நிற்க வைக்கிறார்கள் என்று. அப்பத்தா "வயசுக்கு வரப்போற புள்ள" என்று ஏதாவது சொல்லியிருக்கலாம், ஒன்பது வயசிலேயே இந்தப் பேச்சு நம் வீடுகளில் தொடங்கிவிடுகிறது. தெருவில் யாராவது அசிங்கமாகப் பேசினார்களா, தொட்டார்களா என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குழந்தை ஆசையாகச் செய்துகொண்டிருந்ததைச் சட்டென்று விட்டால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக்கூடாது. அப்படி ஏதாவது இருந்தால் அவளை நம்புங்கள், "நீ ஏன் அங்க போன" என்று தொடங்கவே தொடங்காதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேளுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் நிஜமாகவே அலுத்துப்போய் விட்டிருந்தால் அதுவும் சரிதான், கிரிக்கெட் ஆடியே ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. மதுரைப் பொண்ணு கமலினியை 2024 டிசம்பரில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட் ஏலத்தில் 1.6 கோடி ரூபாய்க்கு மும்பை அணி எடுத்ததிலிருந்து மகளைக் கோச்சிங்கில் தள்ளட்டுமா என்று கேட்கிற அப்பாக்கள் வருகிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அவள் விட்டது அவளாகவே விட்டதா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவேண்டும்.

தம்பியைப் பார்த்து "பொண்ணுங்க விளையாட்டுடா" என்கிறாளே, அது எங்கிருந்து வந்தது? எல்லோரிடமிருந்தும்தான். நாம் தெரிந்து செய்வதைவிடத் தெரியாமல் செய்வது அதிகம். 1978ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆறு மாசக் குழந்தையைச் சில அம்மாக்களிடம் பையன் உடுப்பிலும், சிலரிடம் பெண் உடுப்பிலும், பெயரையும் மாற்றிக் கொடுத்து விளையாடச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் குழந்தை பையனா பெண்ணா என்பது அந்த அம்மாக்களுக்குத் தெரியாது. பையன் என்று நினைத்தவர்கள் சுத்தியல் பொம்மையை நீட்டினார்கள், குழந்தையைத் தூக்கி ஆட்டி உற்சாகப்படுத்தினார்கள். பெண் என்று நினைத்தவர்கள் பொம்மையை எடுத்துக் கொடுத்தார்கள். கேட்டிருந்தால் எல்லோரும் "நான் வித்தியாசமே பார்க்க மாட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அமெரிக்காவில் இன்னொன்று. பெட்டியைத் திறந்தால் துள்ளி எழுகிற பொம்மையைப் பார்த்து ஒரு குழந்தை அழுகிற படத்தைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அது பையன் என்று சொல்லிக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு அந்த அழுகை கோபமாகத் தெரிந்தது, பெண் என்று சொல்லிக் காட்டியபோது பயமாகத் தெரிந்தது. ஒரே குழந்தை, ஒரே படம்.

பிறவியிலேயே வித்தியாசம் எதுவும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்பவர்களும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். கருவில் இருக்கும்போதே ஆண் ஹார்மோன் அதிகமாகச் சுரந்த பெண் குழந்தைகள் வண்டி, கட்டை மாதிரி விளையாட்டுகளை மற்றப் பெண் குழந்தைகளைவிட அதிகமாக விரும்புவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்புக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்வோம். ஆனால் அது சராசரி பேசுகிற விஷயம், உங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று அது உத்தரவு போடவில்லை. உடம்பே எல்லாவற்றையும் முடிவுசெய்யும் என்றால் குப்பை வண்டிக்கு என்ன வேலை?

ரோஸ் சைக்கிள், நீல சைக்கிள். இதில் உங்களுக்கு நஷ்டம் ஒரு சைக்கிள், கடைக்காரருக்கு லாபம் ஒரு சைக்கிள், நிறம் பிரித்து விற்பதன் முக்கியமான நோக்கம் அதுதான். 1918ல் அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, ரோஸ்தான் பையனுக்கு, நீலம் பெண்ணுக்கு என்று எழுதியது, ரோஸ் அழுத்தமான நிறமாம். 1975ல் அங்கே சியர்ஸ் என்ற பெரிய கடையின் விற்பனைப் புத்தகத்தில் இது பையனுக்கு, இது பெண்ணுக்கு என்று வெளிப்படையாகப் போட்டு விற்ற விளையாட்டுச் சாமான் 2 சதவீதம்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் கடையே இரண்டாகப் பிரிந்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கிண்டர் ஜாய் முட்டைகூட நீலம் பையனுக்கு, ரோஸ் பெண்ணுக்கு என்று தொங்கியது ஞாபகம் இருக்கும், உள்ளே இருக்கிற சாக்லேட்டுக்கு அப்படி என்ன வித்தியாசமோ.

ஆனால் எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி செய்த வேலை என்று நாம் தப்பிக்கவும் முடியாது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். முதல் ஏழு, காப்பிலிருந்து அம்புலி வரை, இரண்டு குழந்தைக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிப்பார்கள், வழக்கமாகப் பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல், ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இதில் சிற்றில் என்றால் பையன் வீடு கட்டி விளையாடுவது என்று நினைத்துவிடாதீர்கள். பெண் குழந்தைகள் மணலில் வீடு கட்டிச் சோறு சமைத்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், இவன் போய்க் காலால் உதைத்துக் கலைப்பான், "கலைக்காதே" என்று அவர்கள் கெஞ்சுவார்கள், அதுதான் பாட்டு. அழகான பாட்டுகள், எனக்கும் பிடிக்கும். உங்கள் பையன் உதைக்காமல் உள்ளே உட்கார்ந்து அரிசி களைகிறான், அதற்குத்தான் இத்தனை பஞ்சாயத்து.

கணவரிடம் எப்படிப் பேசுவது? பையன் முன்னால் வேண்டாம், அவர் அம்மா முன்னாலும் வேண்டாம். இந்த ஆய்வுகளை எல்லாம் படித்துக் காட்டவும் வேண்டாம். நளன், பீமன், கல்யாணச் சமையல் மாஸ்டர் என்று பட்டியல் போடவே போடாதீர்கள், "அவங்க சம்பளத்துக்குச் செய்யறாங்க, அது வேற" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார், அதில் அவர் சொல்வதும் ஒரு வகையில் சரிதான். "ஏனுங்க, உங்களுக்கு எதை நினைச்சுப் பயமா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். நாலு பேர் கேலி பண்ணுவார்கள் என்பார். பையன் பள்ளியில் அடி வாங்குவான் என்பார். அந்தப் பயம் பொய் இல்லை, சின்ன வயசில் அவரே யாரிடமாவது "பொட்ட" என்று பேச்சு வாங்கியிருக்கலாம், ஆண்கள் இதை ரொம்ப நாள் கழித்துத்தான் சொல்வார்கள், சிலர் சொல்லவே மாட்டார்கள். பையன்கள் 'பெண் விளையாட்டு' விளையாடினால் அம்மாவைவிட அப்பாதான் கடுமையாக நடந்துகொள்கிறார் என்று 1980லேயே எழுதியிருக்கிறார்கள், உங்கள் கணவர் மட்டும் தனி ரகம் இல்லை.

அவர் செய்யவேண்டியது இரண்டு. ஒன்று, சொப்பைத் திரும்ப வாங்கிக் கொடுப்பது, அவர் கையால். மன்னிப்பு, விளக்கம் எல்லாம் வேண்டாம், "அப்பா கோவத்துல தூக்கிப் போட்டுட்டேன், இந்தா" போதும். குழந்தைக்கு இப்போது தெரிந்திருப்பது என்னவென்றால், தனக்குப் பிடித்ததை வெளியே காட்டினால் அப்பா தூக்கி எறிவார் என்பது. அவன் விளையாட்டை விடமாட்டான், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து விளையாடுவான், பத்து வயசில் இன்னும் பெரிய விஷயங்களையும் அதே மாதிரி ஒளிப்பான். இரண்டாவது, வேலை முடிந்து வந்ததும் அஞ்சு நிமிஷம் அவன் கடையில் போய் உட்காருவது. "ஓனரே, ஒரு டீ, சர்க்கரை கம்மியா." காலி டம்ளரை வாங்கிக் குடிக்கிற மாதிரி குடித்துவிட்டுக் காசு கொடுக்கட்டும், மீதி சில்லறை கேட்கட்டும், டீயில் ஈ விழுந்திருக்கிறது என்று சண்டை போடட்டும். கணக்கும் வரும், பேச்சும் வரும், அவருக்கும் பிடித்துப்போகும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

மாமியாருக்கு ஆய்வும் வேண்டாம், வாதமும் வேண்டாம். "அத்தை, உங்க பையன் ஒரு டம்ளராவது கழுவி வெச்சிருக்காரா? இவனாச்சும் பழகட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் சில வீடுகளில் எடுபடும், சில வீடுகளில் ரெண்டு நாள் பேச்சு நின்றுபோகும், உங்கள் வீடு எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். "பொட்டப்புள்ளையாட்ட" என்ற பேச்சு மட்டும் குழந்தைகள் காதுபடக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அது பையனைவிட அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிற பெண்ணைத்தான் அதிகம் குத்தும். அவள் மாதிரி இருப்பது ஒரு கேவலம் என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்கு எதிரிலேயே சொல்கிறார்கள்.

நெயில் பாலிஷ் கேட்டால் லீவு நாளில் வீட்டில் போட்டுவிடுங்கள், உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. பள்ளிக்குப் போகும் முன் துடைத்துவிடுங்கள், ஸ்கூலில் யாருமே நெயில் பாலிஷ் போடக்கூடாது என்று விதி இருந்தால் அதையே காரணமாகச் சொல்லுங்கள், "பசங்க போடக்கூடாது" என்று சொல்லாதீர்கள். வகுப்பில் யாராவது கேலி செய்தால் சொல்வதற்கு அவனுக்கு ஒரு வரி கற்றுக்கொடுங்கள், "எனக்குப் பிடிச்சிருக்கு, நான் விளையாடுறேன்" மாதிரி. வீட்டில் ரெண்டு தடவை ஒத்திகை பாருங்கள், அக்காவைக் கேலி செய்கிற பையனாக நடிக்கச் சொல்லுங்கள், நன்றாகவே நடிப்பாள். மிஸ்ஸிடமும் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். பையன், பெண் என்று தனித்தனி லைன் போடாமல் பெயர் வரிசையில் நிறுத்தினாலே எல்கேஜியில் பாதிக் கேலி குறையும் என்பது என் அனுபவம்.

எதிர்ப்பக்கமாகவும் ரொம்பப் போய்விடாதீர்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டுத் துப்பாக்கியைப் பிடுங்கி ஒளிப்பது, மகளுக்குப் பார்பி வாங்க மாட்டேன் என்பது, பையனைக் கூப்பிட்டுவைத்து "இன்னிக்கு நீ சமையல் விளையாடு" என்று உட்காரவைப்பது, இதெல்லாம் உங்கள் கணவர் செய்த அதே வேலைதான். அவன் நாளைக்கே காரைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்றால் அதுவும் அவன் இஷ்டம். அஞ்சு, ஆறு வயசில் நிறையக் குழந்தைகள் திடீரென்று பையன்களுக்கான சட்டங்களை நம்மைவிடக் கண்டிப்பாகப் பேச ஆரம்பிப்பார்கள், ரோஸ் டம்ளரில் பால் குடிக்க மாட்டேன் என்பார்கள். கொஞ்ச வருஷத்தில் அது தளரும். சிரித்துவிட்டு, டம்ளரை மாற்றாமல் பாலை ஊற்றிக் கொடுங்கள்.

பிறந்தநாளுக்கு: கட்டிக் கலைக்கிற கட்டைகள், ஒரே நிறத்தில் இல்லாத பெரிய செட், இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகிற மாதிரி. 2012ல் சிகாகோவில் வெளியிட்ட ஆய்வில், 2 முதல் 4 வயசுக்குள் துண்டுப் படங்களை (கட்டை மாதிரி அதுவும் வடிவம் பொருத்துகிற விளையாட்டுதான்) சேர்த்து விளையாடிய குழந்தைகள் நாலரை வயசில் வடிவங்களை மனசிலேயே திருப்பிப் பார்ப்பதில் நன்றாகச் செய்தார்கள், பையன்களும் பெண்களும். மகளுக்கு அந்த வயசு தாண்டியிருக்கலாம், ஆனால் இது வயசு தாண்டினாலும் பழக்கத்தால் வளர்கிற திறமை, அதனால் அவளுக்கும் சேர்த்தே வாங்குங்கள். லெகோ கம்பெனி 1974ல் பெட்டிக்குள் பெற்றோருக்கு ஒரு குறிப்பு வைத்தது, பொம்மை வீடு பிடிக்கிற பையன்கள் நிறைய, விண்கலம் பிடிக்கிற பெண்கள் நிறைய, சரியான சாமானை எதிரில் வைத்துவிட்டு அவர்கள் இஷ்டத்துக்கு விடுங்கள் என்று. அதே கம்பெனி 2012ல் பெண்களுக்கென்று தனி செட் கொண்டுவந்தது என்பது வேறு கதை. லெகோ விலை கூடுதல்தான், சாதாரணக் கட்டைகளே போதும். கூடவே ஒரு டென்னிஸ் பந்து, மகளிடம் கொடுங்கள், தம்பிக்குப் போடச் சொல்லிக்கொடுக்கிற வேலை அவளுக்கு. ரோஸ் சைக்கிளுக்குக் காற்றடித்துச் செயினுக்கு எண்ணெய் போட்டு வெளியே நிறுத்துங்கள், யாருக்கு வேணுமோ எடுத்துக்கொள்ளட்டும். கடைக்குப் போனால் "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிப்பார். "அஞ்சு வயசுக்கும் ஒன்பது வயசுக்கும்" என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், சொப்பும் அந்தக் கடையிலேயே இருக்கும்.